கொழும்பில் மடக்குக்கத்தி வாங்குவது எப்படி: ஐந்துக்குப் பணம் கொடுத்தவரின் வழிகாட்டி

என் வலது ஆட்காட்டி விரலின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. 650 ரூபாய்க் கத்தி ஒன்று போட்ட கையெழுத்து அது. புறக்கோட்டையில் புத்தகமும் காகிதாதிகளும் வந்திறங்கும் களஞ்சியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், நடைபாதையில் விரித்த சாக்கின்மேல் பளபளத்துக்கொண்டிருந்த மடக்குக்கத்தி ஒன்றை வாங்கினேன். திறந்தால் அலகு பூட்டிக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னார். பெட்டியைச் சுற்றியிருந்த நைலோன் நாடாவுக்கு அடியில் முனையைச் செருகி மேலே நெம்பினேன். பூட்டு நழுவியது. அலகு மடங்கி விரலில் வந்து உட்கார்ந்தது. இரண்டு தையல், ஓர் ஏற்புத் தடுப்பூசி, ஒன்றரை நாள் சம்பளம்.

அதோடு நிற்கவில்லை. மொத்தம் ஐந்து கத்திக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். நான்குதான் கைக்கு வந்தன. ஆறாவது ஒன்று லண்டனிலிருந்து இலவசமாக வந்தது. இப்போது பயன்பாட்டில் இருப்பவை இரண்டு மட்டும். இரண்டும் சேர்த்து 3,700 ரூபாய். ஊரிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்கள் அந்த 3,700 ரூபாயில் நேரே போய் நிற்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சில ஊர்களில் வில்லுக்கத்தி என்பார்கள், சிறியதைப் பேனாக்கத்தி என்பார்கள். நான் மடக்குக்கத்தி என்றே சொல்கிறேன்.

1. உண்மையில் அது உங்களுக்குத் தேவையா?

ஒரு வாரம் எதை எதை வெட்டுகிறீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துப் பாருங்கள். நான் குறித்தபோது வந்த பட்டியல்: பெட்டியின் ஒட்டுநாடா, சணல் கயிறு, பிளாஸ்டிக் உறை, மதியம் ஒரு மாம்பழம் அல்லது கொய்யா, பென்சில். ஒட்டுநாடா மட்டுமே உங்கள் வேலை என்றால் மடக்குக்கத்தி வேண்டாம். முனை மழுங்கினால் ஒடித்து எறியும் தகட்டுக் கட்டர் போதும். எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், தீட்ட வேண்டியதில்லை, தொலைந்தாலும் மனம் நோகாது. ஒடித்த துண்டை ஒரு பழைய தகரப் பேணியில் போட்டு வையுங்கள். குப்பைப் பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவரின் கை கிழியும்.

பழமும் கயிறும் பட்டியலில் இருந்தால் மடக்குக்கத்திக்கு நியாயம் உண்டு. கட்டரின் மெல்லிய தகடு கயிற்றில் வளையும். அதில் பூசியிருக்கும் எண்ணெய் பழத்துக்கு ஆகாது.

தற்காப்புக்கு என்று ஒரு வரி உங்கள் பட்டியலில் இருந்தால், தயவுசெய்து இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எண்ணத்தோடு கத்தி வைத்திருப்பவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

2. கடைக்கு முன் சட்டத்தரணி

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நான் கடைசியில் செய்தேன். வெளிநாட்டுக் காணொளிகளில் காற்சட்டைப் பையில் கத்தியைக் கொளுவிக்கொண்டு திரிவதைப் பார்த்து, இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அவை அவர்களுடைய நாட்டின் வழக்கம். அங்கேகூட நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரித்தானியாவில் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதே கத்திக்குப் பூட்டு இருந்துவிட்டால் தக்க காரணம் சொல்லியாக வேண்டும். ஒரு சின்னப் பூட்டு எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது பாருங்கள்.

உறவுக்காரர் ஒருவர் இங்கே சட்டத்தரணி. அவரிடம் போனபோது எனக்கு விடை சொல்வதற்கு முன் அவர் நான்கு கேள்வி கேட்டார். அலகு எவ்வளவு நீளம்? முனை கூரானதா? திறந்தால் பூட்டிக்கொள்ளுமா? எங்கே வைத்திருக்கப்போகிறாய்? முதல் மூன்றுக்கும் நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன். நான்காவதுக்கு "பையில்தான் அண்ணா, பஸ்ஸில் போகும்போதும்" என்றேன். சிரித்தார். "வீட்டில் ஒன்று வை. வேலைத்தலத்தில் ஒன்று வை. நடுவில் ஒன்றும் வைக்காதே" என்றார்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் நிற்கிறது. நல்ல கத்தி ஒன்றை வாங்கி எங்கும் சுமப்பதைவிட, மலிவான கத்தி இரண்டை வாங்கி இரண்டு இடத்தில் வைப்பது கொழும்பில் வாழ்கிற நமக்குப் பொருந்தும். நீங்களும் அந்த நான்கு கேள்விக்கும் விடையை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடமோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலோ கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். கடைக்காரர் "ஒன்றும் ஆகாது தம்பி" என்று சொல்வது சட்டம் ஆகாது. வேலைக்காகக் கருவிப் பையோடு இடம் விட்டு இடம் போகிறவர், உதாரணமாக மின்னிணைப்பாளர், தன் நிலைமையைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

யுத்த காலத்தில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த அப்பா, பழம் வெட்டும் கத்தியைக்கூடப் பையில் வைத்ததில்லை. தோடம்பழத்தை நகத்தால்தான் உரிப்பார். விரலில் தையல் போட்ட செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா காயத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "கத்தியோடா திரிகிறாய்?" என்றுதான் கேட்டார்.

வேலைத்தலத்துக் கத்திக்கு ஒரு சின்ன ஏற்பாடு: மேற்பார்வையாளரிடம் சொல்லி, கருவிகள் பதியும் புத்தகத்தில் அதை எழுதிவையுங்கள். என் பெயர், "மடக்குக்கத்தி, பொதி பிரிக்க", திகதி. ஒரு வரிதான். கத்தியை வாங்கிய நாளில் பற்றுச்சீட்டோடு அதை வேலைக்குக் கொண்டுபோனேன், உறை பிரிக்காமல்.

3. எவ்வளவு பணம் ஒதுக்குவது?

ஒரு கத்திக்கு 1,500 முதல் 3,000 ரூபாய். அதற்குக் கீழே, நான் பார்த்த அளவில், பூச்சு மட்டும்தான் விற்கிறார்கள். எனக்குத் தையல் போடவைத்த 650 ரூபாய்க் கத்தியின் அலகு ஒரு வாரத்தில் சணல் கயிற்றிலேயே மழுங்கிவிட்டது.

மேலே போக விரும்பினால் சுவிஸ் நிறுவனமான விக்டோரினொக்ஸின் சிறிய கத்தி ஒன்று நல்ல தெரிவு. 58 மில்லிமீற்றர் நீளமுள்ள கிளாசிக் வகையில் சின்ன அலகு, கத்தரிக்கோல், நக அரம், பற்குச்சி, சாமணம் எல்லாம் இருக்கும், பூட்டுக் கிடையாது. எங்கள் களஞ்சியத்தில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் வைத்திருக்கிறார். அவர் அலகைத் திறந்து நான் பார்த்ததில்லை. கத்தரிக்கோல்தான் நாள் முழுவதும் வேலை செய்கிறது. பொருளிலும் செய்நேர்த்தியிலும் குறை இருந்தால் அந்த நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. ஆனால் சிவப்புக் கைபிடியும் வெள்ளைச் சிலுவையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அலகின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயர் துல்லியமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து கலங்கியிருந்தால், அல்லது கத்தரிக்கோலின் இரண்டு வாயும் நுனிவரை ஒன்றோடொன்று உரசாவிட்டால், வைத்துவிட்டு வாருங்கள்.

கத்தியின் விலையோடு தீட்டுக்கல்லின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் பயன்படும் சாதாரணக் கல்லுக்கு நான் கொடுத்தது 700 ரூபாய்.

4. உருக்கின் பெயரைவிடக் கடற்காற்று பெரியது

இரண்டாவது கத்தியை இணையத்தில் உள்ளூர்ப் பக்கம் ஒன்றில் வாங்கினேன். 5,400 ரூபாய். அலகில் "டி2" என்று பொறித்திருந்தது. டி2 நல்ல கருவி உருக்குத்தான். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் கறளைத் தடுக்கும் குரோமியம் அதில் ஏறத்தாழ 12 சதவீதம்தான், அதிலும் ஒரு பங்கு காபனோடு சேர்ந்து காபைட்டாகக் கட்டுண்டு கிடக்கும். அதனால் அது முழுமையாகக் கறள் பிடிக்காத உருக்கு அல்ல. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் கம்பீரமாக இருந்தது என்பதுதான்.

நான் வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை அறையில் இருக்கிறேன். யன்னல் கொளுக்கி ஒவ்வொரு வருடமும் மாற்றப்படும் வீடு. மாம்பழம் வெட்டி, சட்டை நுனியில் துடைத்து, மேசையில் வைத்துவிட்டு மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தேன். அலகைத் திறந்தபோது அலகு சுழலும் மடிப்பச்சின் ஓரத்தில் ஒரு செம்மண்ணிறப் பொடி. விரலால் துடைத்தால் போயிற்று. அடியில் ஊசி குத்தினாற்போல் குழிகள். மூன்றாவது வாரம் அலகு முழுவதும் அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது.

ஆகவே கொழும்பில், குறிப்பாகக் காலி வீதியின் கடற்பக்கம் இருப்பவர்கள், கூர் நெடுநாள் நிற்கும் உருக்கைத் தேடாதீர்கள். கறள் பிடிக்காத, சற்று மென்மையான சாதாரண உருக்கைத் தேடுங்கள். அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். மென்மையானதைத் தீட்டுவது இலகு; ஐந்து நிமிட வேலை. "420", "440" என்ற எண்களைப் பார்த்தால் கறள் விஷயத்தில் பொதுவாகப் பயமில்லை. 420 சீக்கிரம் மழுங்கும், அவ்வளவுதான். பொறிக்கும் இயந்திரம் எந்தப் பெயரையும் பொறிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1,800 ரூபாய்க் கத்தியில் உயர்ந்த உருக்கின் பெயர் இருந்தால் அந்தப் பெயருக்கு விலை கொடுக்காதீர்கள்.

மரக்கைபிடிக்கும் ஒரு சொல். லண்டனில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது ஒபினெல் 7ஆம் இலக்கக் கத்தியைக் கொண்டுவந்து தந்தான். 8 சென்றிமீற்றர் அலகு, கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம். கையில் எடுத்தாலே மனம் குளிரும் பிரெஞ்சுக் கத்தி. ஒக்டோபர் மழை தொடங்கியதும் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கி, அலகை நெரித்துப் பிடித்துக்கொண்டது. நகம் மடங்கியதே தவிர அலகு அசையவில்லை. அதைத் திறக்கக் கைபிடியின் பின்நுனியை மேசையில் தட்ட வேண்டும். அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிறகு பிடித்து இழுக்கலாம். அவன் தந்தது சாதாரணக் காபன் உருக்கு என்பதால் கறளும் சேர்ந்துகொண்டது. அதே கத்தி கறள் பிடிக்காத உருக்கிலும் வருகிறது. வாங்குவதானால் அதை வாங்குங்கள், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். என்னுடையது இப்போது எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு அலுமாரியில் தூங்குகிறது. அதற்குப் பூட்டு வேறு இருக்கிறது. சட்டத்தரணி அண்ணாவிடம் அதைக் காட்டவே இல்லை.

5. பூட்டு வேண்டாம், வேண்டுமென்றால் இப்படிச் சோதியுங்கள்

பூட்டில்லாத கத்தியில் முதுகுப் பக்கம் ஒரு வில் இருக்கும். அது அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிக்கும், பூட்டாது. இது பலவீனம் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் அது ஒரு நல்ல ஆசிரியர். அலகு மடங்கக்கூடும் என்பது தெரிந்தே இருப்பதால் கை தானாகவே நெம்பாது, குத்தாது, இழுத்து மட்டுமே வெட்டும். என் விரலைக் கடித்தது பூட்டுள்ள கத்தி. பூட்டை நம்பியதால்தான் நெம்பினேன்.

வேலைத்தலத்தில் பூட்டுள்ளதுதான் வேண்டும் என்று சொன்னால், சட்டத்தரணியின் மூன்றாவது கேள்வியை மறுபடி படியுங்கள். அதன் பிறகும் தேவையென்றால், கைபிடிக்குள் இருக்கும் தகடு அலகின் அடிப்பகுதியை எவ்வளவு பிடிக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். அலகின் கூரில்லாத முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள், விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு. அசைந்தால் வாங்க வேண்டாம்.

பொத்தானை அழுத்தினால் தெறித்துத் திறப்பது, வில்லின் உதவியால் பாய்ந்து திறப்பது, மண்டையோடு வரைந்தது, கறுப்பு மை பூசியது, முதுகில் வாள்பல் வெட்டியது: இவை எதுவும் வேண்டாம். அழகு பிழையென்று சொல்லவில்லை. தடித்த அலகு மாம்பழத்தை வெட்டாது, பிளக்கும். கறுப்புப் பூச்சு பழத்தில் உதிரும். பொலிஸ்காரர் ஒருவர் உங்கள் பையைத் திறக்க நேர்ந்தால், அந்த மண்டையோடு உங்களுக்காகச் சாட்சி சொல்லாது.

அலகு 5 முதல் 7 சென்றிமீற்றர் போதும். முனை கூராக இல்லாமல், முதுகு வளைந்து இறங்கி மொட்டையாக முடிவதைத் தேடுங்கள். பூங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மடக்குக்கத்தி இந்த வடிவம். பெட்டியைக் கீறும்போது உள்ளே இருக்கும் புத்தகத்தின் அட்டையைக் குத்தாது என்பது எங்கள் வேலைக்கு இன்னொரு இலாபம்.

6. எங்கே, எப்போது

வன்பொருளுக்குப் பழைய சோனகத் தெருவுக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் போங்கள். புறக்கோட்டையிலிருந்து நடக்கும் தூரம்தான். கிழமை நாளில் காலை 10 மணிக்குப் போவது உத்தமம். கடைக்காரருக்குப் பேசப் பொறுமை இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறும் போயா நாளும் வீண் நடை. முதல் நாள் வாங்காமல் மூன்று கடையில் விலை மட்டும் கேட்டேன். ஒரே கத்திக்கு 1,850, 2,400, 2,900 என்றார்கள்.

நடைபாதையில் வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. அங்கே குடையும் பெல்ட்டும் நான் இன்னும் வாங்குகிறேன். ஆனால் கத்தி நழுவினால் திருப்பிக் கொடுக்கப் போகும்போது சாக்கும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்.

வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்குவது அதைவிட மோசமாக முடிந்தது. மூன்றாவது கத்திக்கு 4,200 ரூபாய் கட்டினேன். பொதி வழியில் நின்றுவிட்டது. அதை விடுவிக்க அடையாள அட்டைப் பிரதி, கட்டணச் சீட்டு, விற்றவரின் பட்டியல், எதற்கு வாங்கினேன் என்று ஒரு கடிதம் என ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒரே தடவையில் கேட்கவில்லை. இரண்டு அரைநாள் விடுப்புப் போயிற்று. மூன்றாவது தடவை போகாமல் விட்டுவிட்டேன். விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தர ஆறு வாரம் எடுத்தார். இங்கே 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்காக இவ்வளவு அலைய வேண்டாம்.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால், விமானத்தில் ஒப்படைக்கும் பெரிய பயணப்பொதியில், உறையில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் எவ்வளவு சிறிய கத்தியானாலும் வேண்டாம். நீங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படும்போதும், திறப்புக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியை முதல் நாள் இரவே கழற்றி வையுங்கள். காலையில் நினைவு வராது.

7. கடையில் ஐந்து நிமிடம்

வெட்கப்படாமல் செய்யுங்கள். நான் வாங்கிய கடைக்கார நானா, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தானே ஒரு பழைய பத்திரிகைத் தாளை எடுத்து நீட்டினார். அப்போதே அங்கே வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

பத்துத் தடவை திறந்து மூடுங்கள். வில் "டக்" என்று ஒரே மாதிரிச் சத்தம் தர வேண்டும். ஏழாவது தடவை தளர்ந்தால் ஏழாம் மாதம் கழன்றுவிடும். நகத்தைக் கொடுத்துத் திறக்கும் குழியை ஈர விரலால் முயன்று பாருங்கள். மழைநாளில் திறக்க முடியாத கத்தி பாதிக் கத்தி.

திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைவு பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிந்து ஆடினால் வேண்டாம். மூடியபின் மேலிருந்து பாருங்கள்: அலகு இரண்டு பக்கத் தகட்டிலும் படாமல் நடுவில் படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் கூர் தேயும். மூடிய நிலையில் கைபிடியின் ஓரமாக விரலை ஓட்டும்போது முனை எங்கேனும் தட்டுப்பட்டால் கட்டாயம் வேண்டாம்.

கூரான விளிம்பை மின்விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல கூரில் ஒளி தங்காது. வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ மினுங்கும் இடம் மழுங்கல் அல்லது சிதைவு. முழு விளிம்பும் மினுங்கினால் தீட்டிக்கொள்ளலாம்; ஓரிடத்தில் ஆழமாகக் கடித்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். அலகு இரண்டு பக்கமும் சரிந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்றும் பாருங்கள். ஒட்டுக்கட்டும் கத்திகள் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு இருக்கும். அப்படியென்றால் அந்தப் பக்கத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும், மறுபக்கத்தைக் கல்லில் சாய்த்தால் கெட்டுவிடும்.

கடைசியாகப் பற்றுச்சீட்டு. "சின்னப் பொருளுக்கு எதற்கு" என்பார்கள். கடை முத்திரை, திகதி, பொருளின் பெயர், விலை நான்கும் இருக்கட்டும். வெப்பத்தால் அச்சாகும் சீட்டு கொழும்புச் சூட்டில் சில மாதங்களில் வெளிறிவிடும். அன்றைக்கே கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. முதல் வாரம்

புதிய கத்தியில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். சவர்க்கார நீரில் கழுவி, திறந்த நிலையில் நன்றாகக் காயவிட்டு, பிறகே பழத்தில் வையுங்கள். மடிப்பச்சில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நான் தையல் இயந்திர எண்ணெய் விடுகிறேன். அலகில் பழம் வெட்டுவதால் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். தேங்காய் எண்ணெயை அச்சில் விட வேண்டாம். சில மாதத்தில் பிசுபிசுத்துத் தூசியைக் கட்டிக்கொள்ளும்.

தீட்டுவதைப் பற்றிப் பயமுறுத்தும் பேச்சுகள் நிறைய. எனக்கு வந்தது இவ்வளவு: ஒரு காகிதத்தின் சதுர மூலையைச் சரிபாதியாக மடித்தால் 45 பாகை, இன்னொரு தடவை மடித்தால் 22 பாகைக்குச் சற்று மேல். அந்த மடிப்பைக் கல்லின் பக்கத்தில் நிறுத்தி, அலகை அதே சாய்வில் வையுங்கள். கல்லை நனையுங்கள். கல்லின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய தோல் ஒன்றைச் சீவி எடுப்பதுபோல அலகை முன்னோக்கித் தள்ளுங்கள், அடியிலிருந்து முனைவரை. ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து. பிறகு ஐந்து ஐந்து, பிறகு ஒன்று ஒன்று. மறுபக்கத்தில் விரலைக் குறுக்காக ஓட்டினால் ஒரு சொரசொரப்புத் தட்டும். அது வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வராமலே பக்கம் மாற்றியதால்தான் என் முதல் மாதம் வீணாயிற்று. கல் கைவசம் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகில்லாத அடி வளையத்தில் தீட்டலாம். தேநீர் குடிக்கும் அதே கோப்பைதான். நன்றாகக் கழுவுங்கள்.

பத்திரிகைத் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அலகை இழுங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு வெட்டினால் போதும். முன்கை மயிரை மழித்துப் பார்க்கும் வேடிக்கை வேண்டாம்.

செய்யக் கூடாதவை எல்லாம் ஆசையால் வருகிறவை. மீன் டின்னைத் திறப்பது, ஆணியை நெம்புவது, பெயின்ட் வாளி மூடியைக் கிளப்புவது, செவ்விளநீரைக் கொத்திப் பார்ப்பது. இளநீர்க்காரரின் கத்தி எவ்வளவு பெரிதென்று பாருங்கள், பிறகு உங்களுடையதைப் பாருங்கள்.

9. யாராவது கேட்டால்

கேட்பார்கள். கத்தி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வேலைத்தலத்தில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். மடக்காமல் கொடுக்காதீர்கள், திருப்பித் தரும்போதும் மடக்கித் தரச் சொல்லுங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டில் சொல்வார்கள். நான் சகுனம் பார்க்கிறவன் அல்ல, ஆனாலும் மடக்கி மேசையில் வைக்கிறேன், கேட்டவர் எடுத்துக்கொள்கிறார். மாலை ஐந்தரைக்குப் பூட்டும் முன் இலாச்சியைத் திறந்து, அது திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெறும் பையோடு பஸ் ஏறுகிறேன்.